செம்பிலும் பித்தளையிலும் பழமை நிறம் ஏற்றுவது: திட்டு விழாமல், உதிராமல் வர என்ன செய்ய வேண்டும்?

கேட்டிருப்பது இது: செம்புத் தகட்டில் ஒரு சுவர் அலங்காரம், எழுத்து வெட்டிய பித்தளைப் பெயர்ப் பலகை ஒன்று. இரண்டுக்கும் பழங்காலத்துக் கரும்பழுப்பு நிறம் வேண்டும். கடையில் விற்கும் கறுப்பாக்கும் திரவத்தைப் பூசினால் ஓரிடம் கறுக்கிறது, ஓரிடம் பிடிக்கவே இல்லை. காய்ந்தபின் துடைத்தால் கரியாகத் துணியோடு வந்துவிடுகிறது. தவறு எங்கே, சரியான முறை என்ன?

தவறு பெரும்பாலும் திரவத்தில் இருக்காது. பரப்பில் எண்ணெயோ, பளபளப்பு காக்க அடித்த நிறமற்ற பூச்சான லாக்கரோ மிச்சம் இருக்கும். அல்லது கரைசல் தேவைக்கு மேல் கெட்டியாக இருக்கும். அல்லது செம்புக்கான முறையை அப்படியே பித்தளைக்கும் செய்திருப்பார்கள். உங்கள் விஷயத்தில் மூன்றும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த வேலையின் அடிப்படை, கரைசல் மெலிதாக இருக்க வேண்டும், நிறம் பல தடவையாக ஏற வேண்டும் என்பதுதான். ஒரே முக்கில் கறுக்க வைக்கப் பார்க்கிறவர்களுக்குத்தான் உதிர்கிறது.

முதலில் கையில் இருப்பது என்ன உலோகம் என்று பாருங்கள். ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம் பூசிய பொருள். கரைசலில் முக்கினால் முலாம் ஓட்டை வழியே துருதான் வரும். அதை விட்டுவிடுங்கள். காந்தம் ஒட்டாவிட்டாலும், அடியில் கண்ணில் படாத இடத்தில் லேசாக அரத்தால் உரசிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாக வார்ப்பின் மேல் முலாம். அதற்கும் கீழே சொல்லும் முறைகள் பொருந்தாது.

அடுத்து லாக்கர். கடையில் வாங்கிய பித்தளைச் சாமான், பளபளப்பான பலகை எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் தோய்த்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலானவை போய்விடும். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள். லாக்கர் தோலாக உரிந்து வரும். பசை வைத்து ஒட்டிய பாகங்கள் இருந்தால் கொதிக்க வைக்கக் கூடாது. அலுமினியப் பாத்திரமும் கூடாது, சோடா அதை அரித்துவிடும்.

பிறகு உரசல். கண்ணாடி போலப் பஃபிங் செய்த பரப்பில் நிறம் பிடித்து நிற்காது. பஃபிங் மெழுகு உலோகத்தின் நுண்ணிய கீறல்களுக்குள் அடைத்துக்கொண்டிருக்கும். அது மட்டுமில்லை, படலம் பற்றிக்கொள்ள மேடு பள்ளமும் அங்கே இருக்காது. 220 நம்பர் எமரியில் தொடங்கி 400-ல் நிறுத்துங்கள். தேய்ப்பு ஒரே திசையில் போக வேண்டும். வட்ட வட்டமாகத் தேய்த்தால் அந்த வட்டம் ஒவ்வொன்றும் நிறம் ஏறியபின் பளிச்சென்று தெரியும். புடைப்பு வேலை உள்ள தகட்டில் எமரி ஓடாது. அங்கே பியூமிஸ் (நுரைக்கல்) பவுடரைச் சோப்புத் தண்ணீரில் குழைத்துப் பழைய பல் பிரஷால் தேய்ப்பதுதான் சரி.

இதற்குப் பின் வெறுங்கையால் தொடவே கூடாது. நைட்ரைல் கையுறை போட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவி, தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று பொருள். நாளைக்குத் திட்டு விழப்போகிற இடம் அதுதான். மறுபடி கழுவுங்கள். இந்தச் சோதனையில் தேறாத தகட்டைக் கரைசல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். விரல் ரேகை அப்படியே கறுப்பில் பதிந்து நிற்கும் பலகைகள் எல்லாம் இந்த இடத்தில் அவசரப்பட்டவை.

இனி செம்பு. இதற்கு லிவர் ஆஃப் சல்ஃபர் என்று நகைப் பட்டறைக்கான ரசாயனக் கடைகளில் கிடைக்கும் பொட்டாசியம் பாலிசல்ஃபைடுதான் நம்பகமானது. மஞ்சளும் பழுப்புமான கட்டிகளாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் போய், வெளுத்துப் பொடியாகியிருந்தால் அது செத்த சரக்கு, வாங்காதீர்கள். காற்றும் வெளிச்சமும் படாத டப்பாவில் வைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் போதும். தண்ணீர் 40 முதல் 45 டிகிரி, அதாவது கை பொறுக்கும் சூடு. கரைந்ததும் தெளிந்த மஞ்சளாக இருக்கும். கெட்டியான கரைசலைச் சூடாக வைத்துத் தகட்டைப் போட்டால் சில நொடியில் கறுத்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அவசரமாக வளர்ந்த செம்பு சல்ஃபைடு படலம் தடித்து, பொருக்குப் பொருக்காக, உலோகத்தோடு ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். மெல்லிய கரைசலில் நிதானமாக வளர்வது மெலிதாக, நெருக்கமாக இருக்கும். அதைத் துணியால் தேய்த்தாலும் எடுக்க முடியாது.

தகட்டை முதலில் வெந்நீரில் நனைத்துவிட்டுக் கரைசலில் ஐந்து முதல் பத்து நொடி முக்கி எடுங்கள். குளிர்ந்த நீரில் அலசிப் பாருங்கள். முதலில் பொன் மஞ்சள் வரும். அடுத்த முக்கில் செம்மை ஏறும், பிறகு ஊதா, நீலம், அதன்பின் சாம்பல் கலந்த பழுப்பு, கடைசியில் கறுப்பு. இடையில் வரும் ஊதாவும் நீலமும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவை சாயம் அல்ல. படலத்தின் தடிமனால் ஒளி பிரிந்து தெரியும் நிறங்கள். கொஞ்சம் தேய்ந்தாலோ, மேலே லாக்கர் ஏறினாலோ மாறிவிடும். நிலைத்து நிற்பது பழுப்பும் கறுப்பும்தான். அதனால் நீலத்தில் நிறுத்தலாமே என்ற ஆசைக்கு இடம் கொடுக்காமல் பழுப்பு வரை போய்விடுங்கள்.

ஒவ்வொரு முக்கலுக்கும் நடுவில் மெல்லிய பித்தளைக் கம்பி பிரஷால், சோப்புத் தண்ணீர் தொட்டு, லேசாகத் தேயுங்கள். ஒட்டாத பொடி போய்விடும், ஒட்டியது தங்கும், அடுத்த படலம் அதன்மேல் பிடிக்கும். நான்கைந்து சுற்றில் கிடைக்கும் பழுப்புக்கு இருக்கும் ஆழம் ஒரே முக்கில் வந்த கறுப்புக்கு ஒருநாளும் வராது.

சுவர் அலங்காரத் தகடு பெரிதாக இருந்து முக்க முடியாவிட்டால், தரையில் கிடத்தி முழுவதும் வெந்நீரால் நனைத்து, ஸ்பாஞ்சில் கரைசலை எடுத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை நீளமாக இழுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே கோடு விழும். ஒரு பக்கம் காய மறுபக்கம் ஈரமாக இருக்கவும் விடக் கூடாது. அதனால் வெயிலில் செய்யாதீர்கள், மின்விசிறிக்கு அடியிலும் வேண்டாம். அதே சமயம் காற்றோட்டம் உள்ள இடமாக இருக்க வேண்டும். பக்கத்தில் வெள்ளிச் சாமான், நகை எதுவும் வைக்காதீர்கள், ஆவியிலேயே கறுத்துவிடும்.

நிறம் வந்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா போட்ட நீரில் ஐந்து நிமிடம் ஊற வையுங்கள். மூலைகளில், மடிப்புகளில் தங்கும் கந்தகம் செயலிழக்க இது உதவும். இதை விட்டுவிட்டால் லாக்கருக்கு அடியில் மாதக் கணக்கில் கறுப்பு பரவிக்கொண்டே போகும்.

புடைப்பு வேலையில் பள்ளம் கறுப்பாகவும் மேடு செம்பு நிறமாகவும் தெரிய வேண்டுமா? காய்ந்தபின் 0000 நம்பர் ஸ்டீல் வூல், அல்லது சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் எடுத்து மேட்டை மட்டும் தடவுங்கள். விரல் நுனியால் அழுத்தாமல் தட்டையான கட்டையில் சுற்றித் தடவினால் பள்ளத்துக்குள் போகாது.

பித்தளை வேறு கதை. அதில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல், துத்தநாகம். செம்பு சல்ஃபைடு கறுப்பு. துத்தநாக சல்ஃபைடோ வெள்ளை. அதனால்தான் செம்பில் அழகாக வரும் அதே கரைசல் பித்தளையில் மங்கலான அழுக்கு மஞ்சளோடு நின்றுவிடுகிறது. உலோகக் கலவைதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்குக் கர்நாடகத்து பீதர் வேலையைவிட நல்ல சான்று இல்லை. அங்கே ஏறத்தாழ பதினாறு பங்கு துத்தநாகத்துக்கு ஒரு பங்கு செம்பு சேர்த்து வார்த்து, வெள்ளிக் கம்பி பதித்து, பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசுகிறார்கள். வார்ப்பு கன்னங்கரேலென்று ஆகிறது, வெள்ளி வெள்ளியாகவே நிற்கிறது. உங்கள் பொருளில் பற்ற வைத்த இணைப்பு இருந்தால் அதிலும் இதே நியாயம்தான்: ஈயம், தகரம் கலந்த பற்று மற்ற இடத்தின் நிறத்துக்கு வராது. அதை முன்கூட்டியே பின்பக்கம் மறைத்துவிடுவது நல்லது.

பித்தளைக்கு நான் முதலில் சொல்வது, மேலே மெல்லிய செம்புப் படலம் ஏற்றிவிட்டுப் பிறகு கறுப்பாக்கும் முறை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம், 5 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கரையுங்கள். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். எண்ணெய் நீக்கிய பித்தளையைப் போட்டு, அதன்மேல் அசிட்டோனில் கழுவிய ஸ்டீல் வூல் படும்படி வையுங்கள். இரும்பு தொட்டுக்கொண்டிருக்கும்வரை கரைசலில் உள்ள செம்பு பித்தளையின் மேல் வந்து படியும். இரும்பு இல்லாமல் வெறும் பித்தளையைப் போட்டால் எதுவும் நடக்காது. இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் மஞ்சள் மறைந்து ரோஜா நிறம் வரும். ஸ்டீல் வூலை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் அதன் அடியில் தழும்பு விழும். படலம் மிக மெலிது. எமரி படக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் படிக்க வேண்டும். இந்தக் கரைசல் அமிலம். லிவர் ஆஃப் சல்ஃபரோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியேறும். அது விஷம். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது; நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து அங்கேயே நிற்பவருக்குத்தான் ஆபத்து. ஆகவே செம்புப் படலம் ஏறிய பலகையை ஓடும் நீரில் அலசி, ஆப்பச் சோடா நீரில் முக்கி, மறுபடி அலசிய பிறகே கந்தகக் கரைசலுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பாத்திரங்களும் ஒரே மேசையில் இருக்க வேண்டாம்.

அதன்பின் செம்புக்குச் சொன்ன அதே முறைதான். பெயர்ப் பலகை எழுத்து வெட்டியது என்பதால் முழுவதையும் கறுப்பாக்கி, 600 நம்பர் வாட்டர் பேப்பரைச் சமமான மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு மேல்பரப்பை மட்டும் தேயுங்கள். எழுத்தின் பள்ளத்தில் கறுப்பு நிற்கும், மேலே பித்தளையின் மஞ்சள் திரும்பும். எழுத்தின் விளிம்பு மழுங்காமல் இருக்கக் கட்டை அவசியம். கையால் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும்.

எழுத்து மட்டுமல்ல, பலகை முழுக்கப் பழுப்பாக வேண்டுமென்றால் அமோனியா ஆவி முறை இன்னும் இயல்பான நிறம் தரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், அடியில் ஒரு கிண்ணத்தில் 50 மில்லி லிக்கர் அமோனியா (செறிவான அமோனியாக் கரைசல்) ஊற்றி, பலகையை அதைத் தொடாமல் நைலான் நரம்பில் தொங்கவிட்டு மூடுங்கள். ஆறு மணி நேரத்தில் தேன் நிறம், ஒரு நாளில் அடர்ந்த பழுப்பு. திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் திரவம் அருகிலேயே இருக்கக் கூடாது. அதோடு அமோனியா சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

ஆனால் இழுத்து வளைத்த, அடித்து உருவாக்கிய, லேத்தில் தகட்டைச் சுழற்றி வடித்த பித்தளைக்கு இந்த முறை ஆகாது. உள்ளுக்குள் இறுக்கம் தங்கிய பித்தளை, ஈரம், அமோனியா மூன்றும் சேர்ந்தால் வெடிப்பு விழும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலம்தோறும் விரிசல் விட்டன. பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவானது. அப்படிப்பட்ட பாகத்துக்கு ஆவி காட்டியே தீர வேண்டும் என்றால், முன்பே 260 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து இறுக்கத்தைப் போக்கிவிட வேண்டும். தட்டையாக வெட்டிய பலகைக்கும் வார்ப்புக்கும் இந்தப் பயம் மிகக் குறைவு.

உங்களிடம் இருக்கும் கடைத் திரவத்தையும் தூக்கி எறிய வேண்டாம். பித்தளையைக் கறுப்பாக்க விற்பவற்றில் பெரும்பாலும் செலினியஸ் அமிலமும் செம்பு உப்பும் இருக்கும். அப்படியே பூசினால் கரிதான் படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை கலக்கி, அரை நிமிடம் விட்டு, அலசி, லேசாகத் தேய்த்து, மூன்று தடவை செய்யுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு துண்டுப் பித்தளை போதும். செலினியம் விஷப் பொருள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வெண்கலச் சிலைகளில் காணும் சூடான செம்பழுப்புக்கு ஃபெரிக் நைட்ரேட். லிட்டருக்கு 20 முதல் 30 கிராம். புளோ டார்ச்சால் பொருளை 90 முதல் 120 டிகிரி வரை சூடாக்கி, மெல்லிய பிரஷால் குத்திக் குத்திப் பூச வேண்டும். ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று உடனே ஆவியாக வேண்டும். மெதுவாகக் கொதித்தால் சூடு போதாது, நிறம் சேறாக வழியும். உருண்டு ஓடினால் சூடு அதிகம், ஒட்டாது. இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், நைட்ரேட் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த செம்புத் தகடு இந்தச் சூட்டில் நெளிந்துவிடும். உங்கள் சுவர்த் தகட்டுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

பச்சைக் களிம்பு நிறத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் உப்பும் வினிகரும் தெளித்து அமோனியா ஆவியில் வைப்பார்கள். ஒரே நாளில் நீலப்பச்சை பூத்துவிடும், படம் எடுக்க அழகாக இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே தங்கிவிட்டால் ஈரக்காற்றில் தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும், பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். மண்ணில் புதைந்து கிடந்து கிடைத்த செப்புத் திருமேனிகளைக் கெடுப்பதும் இதே குளோரைடுதான். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. இப்படி அரித்த வெண்கலங்களுக்கு வைத்தியம் பார்ப்பது அதன் முக்கிய வேலை. கடலோர ஊரில் இருப்பவர் இந்த நோயைத் தானாகவே விலைக்கு வாங்க வேண்டாம். வீட்டில் பழைய செப்புத் திருமேனியோ பூசைப் பொருளோ இருந்தால் அதில் எந்தக் கரைசலும் படக் கூடாது. அதன்மேல் இருக்கும் நிறம் நூற்றாண்டுகளில் ஏறியது. ஒருமுறை போனால் திரும்பாது.

அதேபோல வாராவாரம் புளி போட்டுத் துலக்குகிற விளக்குக்கும் நிறம் ஏற்றுவது வீண். புளியும் சாம்பலும் மாறி மாறித் தேய்த்தால் எந்தப் படலமும் தாங்காது. சமையல் பாத்திரத்தின் உட்புறத்தில் செய்யவே கூடாது.

நிறம் வந்தபின் பாதுகாப்புப் பூச்சு. அதற்கு முன் ஈரம் முழுவதும் போக வேண்டும். ஹேர் டிரையரால் மூலை முடுக்கெல்லாம் உலர்த்தி, ஒரு நாள் அப்படியே வையுங்கள். ஈரத்தின் மேல் லாக்கர் அடித்தால் வெண்புள்ளிகள் வரும்.

வீட்டுக்குள் மாட்டும் செம்புத் தகட்டுக்கு மெழுகு போதும், நிறத்தையும் அதிகம் மாற்றாது. 100 கிராம் தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டப்பாவில் உருக்கி, அடுப்பை அணைத்து, தள்ளி எடுத்து வந்த பிறகு 250 மில்லி டர்பன்டைன் கலக்குங்கள். எரியும் அடுப்பருகே டர்பன்டைன் ஊற்றினால் தீப்பிடிக்கும். தகட்டை 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கி மெலிதாகத் தடவி, ஆறியதும் பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள்.

வாசலில் வெயில் மழையில் நிற்கும் பெயர்ப் பலகைக்கு மெழுகு மட்டும் தாங்காது. அக்ரிலிக் லாக்கர் மூன்று மெல்லிய கோட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே காயும் நேரம் கொடுத்து அடியுங்கள். செம்பு வகை உலோகங்களுக்கென்றே பென்ஸோட்ரயசோல் என்ற அரிப்புத் தடுப்பான் கலந்து செய்யும் இன்க்ராலாக் என்ற லாக்கர் கிடைத்தால் அதுவே மேல். மரத்துக்கு அடிக்கும் எண்ணெய் வார்னிஷ் மஞ்சளடித்துப் பொருக்கு விடும். லாக்கர் ஏறியதும் நிறம் ஒரு படி கருக்கும், அதனால் வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். லாக்கரின் மேல் மெழுகு போடலாம். மெழுகின் மேல் லாக்கர் ஒட்டாது.

மிஞ்சிய கந்தகக் கரைசலைத் திறந்தவெளியில் ஓரிரு நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்ச் செயலிழக்கும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம். மயில்துத்தக் கரைசலை அப்படி ஊற்றாதீர்கள். பழைய ஸ்டீல் வூலை அதிலேயே போட்டு நீலம் மறையும்வரை விட்டால் செம்பு பழுப்புப் பொடியாக அடியில் படியும். அதை வடிகட்டி எடுத்துவிட்டு, மீதியை ஆப்பச் சோடா போட்டுப் பொங்குவது நிற்கும்வரை கலந்தபின் வெளியேற்றுங்கள். செடிக்கோ கிணற்றடிக்கோ குளத்துக்கோ போகக் கூடாது, கொஞ்சம் செம்பே மீனைக் கொல்லும்.

கடைசியாக, பிற்காலத்தில் பலகையில் எங்காவது கீறல் விழுந்து மஞ்சள் தெரிந்தால் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. அந்த இடத்து லாக்கரை மட்டும் பஞ்சில் அசிட்டோன் தொட்டு எடுத்து, பத்து பங்கு நீர் கலந்த செலினியத் திரவத்தை நுனி மெலிந்த பிரஷால் கீறலுக்குள் மட்டும் வைத்து, ஈரப் பஞ்சால் பலமுறை ஒற்றி எடுத்து, நன்றாக உலர்த்தி, அங்கே மட்டும் மறுபடி ஒரு கோட்டு லாக்கர் கொடுங்கள்.